புளியந்தீவுப் பலகையில ஏறின புலிய இறக்கித் தாங்க

பலகை வைச்ச கந்தோர்ல இரிக்கிற ஐயாமார் அம்மாமாருக்கு,

வணக்கம். எந்தக் கந்தோர் எண்டு பேர் போடல்ல, வாசிக்கக்குள்ள உங்களுக்கே விளங்கும். மூணு தரம் கடிதம் தந்தாச்சு, மூணு தரமும் "மேல அனுப்பியிரிக்கம்" எண்டுதான் பதில், மேல எண்டா எவ்வளவு மேல எண்டு தெரியாததாலதான் இப்ப எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதுறன்.

மட்டக்களப்பு ஆத்தங்கரையில நீங்க வைச்ச வரலாற்றுப் பலகையில எங்கட ஊர்ப் பேர் "புலியந்தீவு" எண்டு கிடக்கு. புளி, ஐயா. மீன் ஆணத்துக்குக் கரைச்சு ஊத்துற புளி. ஒரு எழுத்துத்தானே எண்டு உங்கட ஆள் ஒருத்தர் சிரிச்சார். சண்டைக் காலத்தில ஆமிக்காரன்ட சென்றியில அந்த ஒரு எழுத்து என்ன பாடு படுத்தியிரிக்கும் எண்டு அவருக்குத் தெரியாது, வயசு காணா.

என்ட மாமாவக் கூட்டிப் போய்க் காட்டினன். 83 வயசு, கண் ஒப்பரேசன் செஞ்ச ஆள், வெயில்ல நிண்டு விரல் வைச்சு வரி வரியா வாசிச்சார். 1628ல போர்த்துக்கீசர் கோட்டை கட்டினது இரிக்கு, 1638ல ஒல்லாந்தர் அதப் புடிச்சது இரிக்கு, 1795ல வெள்ளக்காரன் வந்தது இரிக்கு, 1814ல வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்ததும் இரிக்கு, 1924ல கட்டின கல்லடிப் பாலத்துக்குப் பேர் குடுத்த கவர்னர்ட பொண்டாட்டி லேடி மெனிங்குக்குக் கூட ஒரு வரி கிடைச்சிரிக்கு. வாசிச்சு முடிச்சிட்டு மாமா கேட்டார், "எல்லாரும் வந்திரிக்கானுகள் மனே, வந்தவன ஏத்தி இறக்கினது ஆரு?"

அவர்ட அப்பா பாலம் வர முன்னம் கல்லடிப் பக்கம் தோணி வலிச்ச ஆள். பறுவத்தில, முழு நிலவுக்கு, தண்ணி அசையாம கிடக்கக்குள்ள துடுப்ப தண்ணிக்குள்ள குத்தி வைச்சு மேல் நுனியில காத வைச்சா பாடுமீன், அதான் தண்ணிக்கடியில பாடுற மாதிரி வாற சத்தம், கேக்கும், அப்பிடிக் கேட்டுப் பழகின காது அது. உங்கட பலகையில பாடுமீனுக்குக் கடல்கன்னி படம் ஒண்டு கீறி விட்டிரிக்கு, நல்ல வடிவு, கேட்ட ஆக்களத்தான் காணல்ல.

1978 நவம்பர் 23 சூறாவளியும் இல்ல. அது எப்பிடி ஐயா விட்டுப் போகும்? எங்கட வீட்டு ஓடு முழுக்கப் போய், விடிய அம்மா காணி உறுதியையும் பிறப்புச் சேட்டிபிக்கட்டையும் பாயில ஒவ்வொண்டாப் பிரிச்சுக் காயப் போட்டு, காத்துக்குப் பறக்காம மூலைக்கு மூலை உடைஞ்ச ஓட்டுத் துண்டு வைச்சவ. அந்த உறுதி இப்பயும் அலுமாரிக்குள்ள இரிக்கு, மை ஊறி பாதி தெரியாது, ஆனா புளியந்தீவு எண்டது தெரியும், சரியான எழுத்தோட.

சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் பிழையே இல்லையாம், வாசிக்கத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. தமிழ் ஆக்கள்ட ஊரில, தமிழ்ப் பேர் உள்ள ஊருக்கு, தமிழ்தான் பிழைச்சிரிக்கு. ஆராவது மந்திரி வாறார் எண்டா ஒரே ராவில ரோட்டுக்கு வெள்ளக் கோடு அடிக்க ஏலும், ஒரு "லி"ய "ளி" ஆக்க ஏழு மாசம் காணா. எலக்சன் வந்தா வீடு வீடா வந்து வரலாறு கதைக்கிற ஆக்களும் அந்தப் பலகையடியாலதான் போறாங்க, ஒருத்தர்ட கண்ணிலயும் படல்ல.

சரி, கோபத்தில எங்கயோ போயிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் கேக்கிறது இவ்வளவுதான்: தயவு செஞ்சு புளியந்தீவு எண்டு திருத்துங்க, அதோட தோணிக்கார ஆக்களுக்கு ஒரு வரி, சூறாவளிக்கு ஒரு வரி. கீழ எடம் இரிக்கு, அளந்து பாத்தனான். மாமா ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டோவ அந்த எடத்தில மெதுவாக்கச் சொல்லிக் கழுத்த நீட்டிப் பாக்கிறார்.

பெயின்டுக்குக் காசு இல்லாட்டிச் சொல்லுங்க, டின்னும் பிரசும் நானே கொண்டு வாறன், பொலிசுக்குக் காட்ட ஒரு துண்டு மட்டும் எழுதித் தாங்க.

இப்படிக்கு,
புளியந்தீவான் ஒருத்தன் ("ளி" கவனம்)