திருவருகைக் காலம்: வீட்டில் செய்ய வேண்டியவை

இயேசுவுக்கே புகழ்! காரைக்குடி அன்பியக் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) குடும்பங்களே, 2026 நவம்பர் 29 ஞாயிறு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்குகிறது. பலகாரம், துணிமணி என்று ஓடுவதற்கு முன்னால் மனசைத் தயார் பண்ண நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன.

1. 28 சனி மாலை 5:30, கோயில் முற்றத்தில் மெழுகுவர்த்தி வளையம் கட்டுகிறோம். ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று (அது மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 13க்கு). பழைய ஓலைக் கொட்டான் இருந்தால் கொண்டு வாருங்கள், வளையத்தை அதில் வைத்தால் மெழுகு தரையில் சிந்தாது.

2. தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றிச் செபியுங்கள், ஐந்து நிமிடம் போதும். ஏற்றுவது வீட்டின் கடைக்குட்டியாக இருக்கட்டும். முதல் ஞாயிறு வாசகம் மாற்கு நற்செய்தி 13:33-37.

3. பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், தயவுசெய்து.

4. கிறிஸ்து பிறப்புக் குடிலுக்குக் கேழ்வரகு டிசம்பர் 14 வாக்கில் தட்டில் தூவுங்கள். முதல் நாள் இரவு ஊறவைத்து, ஈரத்துணியால் மூடி, முளை விட்டதும் வெயில் காட்டினால் பிறப்பு விழாவுக்குள் பச்சைப்பசேலென்று நிற்கும்.

5. அதிரசம், சீப்புச் சீடை சுடும்போது தனியாக இருக்கும் ஆச்சி, ஐயாக்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பிள்ளைகள் பொரி வாங்கும் காசில் கொஞ்சம் உண்டியலில் போடட்டும்.

சனிக்கிழமை எத்தனை பேர் வருகிறீர்கள், கொட்டான் உண்டா என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். அப்புறம், மெழுகுவர்த்தி மொத்தமாக வாங்கணும், அதனால்தான் அவசரம்.