பைண்டிங் பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

மூடிப்போன நூல் மில்லின் தொழிலாளர்கள் குடியிருக்கும் மில் லைன் வீடுகளில், வெள்ளம் விட்டுப்போன சேறு இன்னும் வாரி முடியவில்லை. அதற்காக நன்றியைத் தள்ளிப்போட மனசில்லை. சோறு பொங்கிக் கொண்டுவந்த பள்ளிவாசல் பிள்ளைகள், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், சாக்கடை அடைப்பெடுத்த துப்புரவுத் தொழிலாளர்கள், அரிசியும் போர்வையும் அனுப்பிய ஆம்பூர் தோல் தொழிலாளர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

தனியே சொல்ல வேண்டியது லாங் பஜாரில் புத்தகம் பைண்டிங் செய்யும் பாயைத்தான். ஊறிக் கிடந்த எங்கள் மில் தொழிற்சங்கச் சந்தாப் புத்தகங்களை வெயிலில் விரிக்கத்தான் எல்லோரும் கிளம்பினோம். தடுத்தது அவர். வெயிலில் தாள் சுருளும், களிமண் இறுகிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு இரண்டு நாள் விட்டால் பூஞ்சணம். காப்பியிங் பென்சிலில் எழுதிய புத்தகங்களை, ஊதா கரைந்தோடும் என்று, அலசாமல் ஒதுக்கினார். பால்பாயின்ட் எழுத்துள்ளவற்றை மூடியபடியே நல்ல தண்ணீரில் அலசி, நிமிர்த்தி வடியவிட்டு, பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகினார். செய்தித்தாள் என்றால் அதன் மை ஏறிவிடுமாம். முதல் நாள் இரண்டு மணிக்கொருமுறை தாள் மாற்றினார். ஃபேன் காற்று அறையில் சுழலலாம், பக்கத்தின்மேல் அடிக்கக் கூடாது. முக்கால்வாசி காய்ந்ததும் பலகை வைத்துச் செங்கல் ஏற்றினார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை.

கூலி வேண்டாமாம், தைக்க ஒரு கோன் நூல் போதுமாம். இரண்டு புரி முறுக்கியதாகக் கேட்டார். ஒற்றை இழை தைக்கும்போதே முறுக்கு விட்டு அறும். (இதை ரிங் ஃபிரேமில் நூல் முறுக்கிய ஆட்களுக்கே சொல்லிக் கொடுத்தார்!)

புத்தகத்தில் இருப்பது பெயர், மில்லில் ஆளுக்கொன்றாகத் தந்த டோக்கன் எண், புளோ ரூமா கார்டிங்கா ரீலிங்கா என்ற பிரிவு, மாதச் சந்தா. அவ்வளவுதான். உறுப்பினர் பட்டியலைச் சங்கம் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்று 1926 தொழிற்சங்கச் சட்டமே சொன்னது. மில் மூடினபிறகு கம்பெனிப் பதிவைக் கேட்டால் எடுத்துத்தர ஆளில்லை. பி.எஃப். மாத ஓய்வூதியத்துக்கோ 10 ஆண்டு சேவை வேண்டும். சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதால் ஓர் ஆண்டு விடுபட்டாலும் மாதாமாதம் அடி. சந்தாக் கணக்கு மட்டும் சான்றாகாது. ஆனால் எந்த வருஷம் எந்த டோக்கன் என்று தெரிந்தால், அறுந்த இழைக்கு முனை அகப்பட்ட மாதிரி, பழைய பதிவைத் தேடிப் பிடிக்கலாம்.

இனிப் புத்தகங்கள் பரணில்தான். பக்கம் பக்கமாகப் போட்டோவும் எடுத்து வைக்கிறோம். சேர்ந்த வருஷம் நினைவில்லாதவர்கள் டோக்கன் எண்ணும் பிரிவும் சொல்லுங்கள், தேடித் தருகிறோம்.