துள்ளும் எழுத்து தலைப்போடு நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கையால் வரைந்த எழுத்துருக்கள் இணைப்பிதழ்களில் தலைப்பிலிருந்து இறங்கி, பெட்டிச் செய்திக்கும் வந்துவிட்டன. 10 பாயிண்ட் (எழுத்தளவின் அலகு) என்ற சிறிய அளவில் முழுப் பத்தியே அதில் வருகிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

இந்தத் தூரிகை எழுத்தின் உயிரே அதன் சீரின்மைதான். கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும். சில எழுத்து ஏறியும் சில இறங்கியும் நிற்கும். 36 பாயிண்ட்டுக்கு மேல் இந்தத் துள்ளல் அழகு. பத்தியில் அதுவே அச்சுக் கோளாறு போலத் தெரியும். செய்தித்தாளில் மை பரவும் என்பதால் ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் முதலில் அடைபடும். அடுத்து புள்ளி எழுத்தோடு ஒட்டி மறையும். 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது 'பட்டம்', 'அக்கா', 'அப்பம்' என்று தட்டிப் பாருங்கள். தமிழில் வல்லினம் இரட்டிக்கும்போது ஒரே உருவம் பக்கத்துப் பக்கத்தில் வரும். இரண்டு ட-வும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், கையால் வரைந்த தோற்றம் அங்கேயே கலைந்துவிடும். அக்கறையோடு செய்தவர்கள் க, ச, ட, த, ப, ற ஆறுக்கும் குறைந்தது இரண்டு வடிவங்கள் வரைந்து, ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையின் வசதியால் அவை தாமாக மாறி மாறி வரும்படி வைத்திருப்பார்கள். பிறகு டு, ணு, மூ, ழூ ஆகியவற்றையும் தட்டிப் பாருங்கள். உகர, ஊகார வரிசையில் குறி மெய்யோடு ஒட்டி உருமாறுவதால் 36 எழுத்தையும் தனித்தனியே வரைய வேண்டும். அவசர வேலை இங்கேதான் பல்லிளிக்கும்: கோட்டின் தடிமன் எழுத்துக்கு எழுத்து மாறும்.

தலைப்பு அடங்கவில்லை என்று அகலத்தை 80 சதவீதமாக நெருக்குவது பெரிய கொடுமை. செங்குத்துக் கோடு மெலிய, கிடைக்கோடு மட்டும் தடித்தே நிற்கும். எந்தத் தூரிகையும் அப்படி எழுதாது. அளவைக் குறையுங்கள், அல்லது சொல்லை மாற்றுங்கள். எழுத்திடைவெளியைக் கூட்டினாலும் ஆபத்து: துணைக்கால் விலகி 'கா' என்பது 'கர' போலாகும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரி ழு, ஞ-வின் வாலும் கீழ்வரி மீ, டீ-யின் சுழியும் மோதும். 48 பாயிண்ட் எழுத்துக்கு வரியிடைவெளி 60 முதல் 64 வரை வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அமைக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

சிறுகதை, தொடர்கதை, சிறுவர் பக்கம், விழா மலர் எல்லாவற்றுக்கும் இந்த எழுத்து பொருந்தும். விபத்து, தீர்ப்புச் செய்திகளுக்கு ஆகவே ஆகாது. துயரச் செய்தியின் குரலையே அது மாற்றிவிடும்.

மின்னிதழில் இத்தலைப்புகளைப் படமாக ஏற்றினால், அதே சொற்களை யூனிகோடில் மாற்று உரையாகவும் (படத்தோடு இணைக்கும் எழுத்து விவரம்) சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேடலில் கிடைக்காது. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது.

இப்படிக்கு,
எழுத்துரு வடிவமைப்பாளர்கள் சிலர்