அந்த உலகத்தை விட்டு வர அவசரப்படாதே

அன்பு மருமகளுக்கு,

போட்டிக்கு அனுப்பச் சொந்தமாக ஒரு கதைகூட இல்லை, எட்டாம் வகுப்பிலிருந்து எழுதியதெல்லாம் உனக்குப் பிடித்த அந்த மந்திரப் பள்ளியிலேயே நடக்கிறது என்று போனில் வருத்தப்பட்டாய். எனக்கு உடனே, பின்னாளில் பெரிய நாவல்கள் எழுதிய ப்ரான்ட்டே வீட்டுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

1826 ஜூனில், இங்கிலாந்தில் ஹாவர்த் ஊர்ப் பாதிரியாரான அவர்கள் அப்பா லீட்ஸிலிருந்து மகனுக்கு ஒரு பெட்டி பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். 10 வயது சார்லட் ஒன்றைப் பாய்ந்து எடுத்து, இது வெலிங்டன் பிரபு என்றாள். தம்பி பிரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன் ஆனான். ரெண்டு பேருமே நிஜப் போர்த் தளபதிகள், இரவல் நாயகர்கள்தான். இரவலாக வீட்டுக்கு வந்த ப்ளாக்வுட்ஸ் பத்திரிகையைப் பார்த்து, சிப்பாய்களுக்கும் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பொம்மை படிக்க வேண்டுமே! பக்கம் தீப்பெட்டி அளவுதான். அச்செழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதி, மடித்துத் தைத்து, விளம்பரம்கூடப் போட்டார்கள்.

அப்படி வளர்ந்த அங்க்ரியா என்ற கற்பனை நாட்டில் சார்லட் 23 வயதுவரை குடியிருந்தாள். அதன் பிறகே, கொஞ்ச நாளைக்காவது இந்த வெயில் தேசத்தை விட்டுப் போக வேண்டும் என்று எழுதினாள். அவள் பிறகு எழுதிய ‘ஜேன் ஐர்’ நாவலின் நாயகன் ரோச்செஸ்டர் பேசும்போதெல்லாம் எனக்கு அங்க்ரியாவின் ஸமோர்னா பிரபுவின் குரல்தான் கேட்கிறது.

சார்லட்டின் தங்கை எமிலி தன் கற்பனை நாட்டை விட்டு வெளியே வரவே இல்லை. 1845 கோடையில் தங்கை ஆனுடன் யார்க் போய் வந்தபோது, ரெண்டு பேரும் தாங்கள் உருவாக்கிய காண்டல் தேசத்து ஆட்களாகவே, அரச படையில் சேரத் தப்பி ஓடுகிறவர்களாகவே இருந்தார்களாம். அவளே எழுதி வைத்திருக்கிறாள். அப்போது அவளுக்கு 26 வயது! 1847இல் அவளுடைய ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் வந்தது.

அதற்கு முந்தைய வருடம் அக்கா தங்கைகள் மூவரும் கவிதைத் தொகுப்பு போட்டார்கள். அதற்காக எமிலி தன் கவிதைகளிலிருந்து காண்டல் பெயர்களை நீக்கினாள். செத்துப்போன காதலனை நினைத்து காண்டல் அரசி அழுத கவிதை, பெயர் போன பிறகும் அதே வலியோடு நிற்கிறது.

உன் கதையில் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தட்டு கழுவும் ஒரு பெண் வருகிறாளே, மூலக் கதையில் அவள் கிடையாது. முழுக்க உன்னுடையவள். பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு, அவளை நம்மூர் ஹாஸ்டல் மெஸ்ஸில் நிறுத்திப் பார். மந்திரம் கைவசம் இல்லாதபோது ஹாஸ்டல் வார்டனிடம் அவள் என்ன பேசுவாள்? எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு, அன்றைக்கே படித்துவிடுகிறேன்.

உன் மாமா