செருப்பைத் திருப்பித் தரணும், அக்கா

நாங்கள் போன குட்டி விமானம் எஞ்சின் நின்றுபோய் ஒரு வயலில் இறங்கி இன்றோடு ஒன்பது நாள். நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அது வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி ஆகிவிட்டது. நாலு பேர் ஏறினோம், நாலு பேரும் வெளியே வந்தோம். அது போதும்.

இந்த மடல், பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட ஓர் அக்காவுக்கு.

செருப்புக்கு வருமுன் என் ஷூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் குட்டி விமானத்துக்கு ஒரே கதவு. வலப்பக்கம், இறக்கைக்கு மேலே. கதவோரம் உட்கார்ந்திருந்தவன் நான். எஞ்சின் அடங்கிய பிறகு கேப்டன் கையில் இருந்தது மூன்று நிமிடம்கூட இல்லை. அதற்குள் இறங்க ஓர் இடம் பார்க்கணும், ரேடியோவில் சொல்லணும், எரிபொருளை மூடணும். அத்தனைக்கும் நடுவில் என் பக்கம் திரும்பி, ஜன்னலைச் சாத்தச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்: "கதவுத் தாழ் ரெண்டையும் எடுத்துடுங்க. ஒரு ஷூவைக் கழற்றி இடுக்குல சொருகுங்க." மோதும்போது கதவுச் சட்டம் கோணிக்கொண்டால், மூடிய கதவு பிறகு அசையாது. ஏறும்போதே இதை விளக்கியிருந்தார். நான் அப்போது இறக்கையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கான கூலி கீழே கிடைத்தது. விமானம் நின்றதும் என் கை இடுப்போரம் போய், காரில் இருப்பது போன்ற பொத்தானைத் தேடியது. அந்த பெல்ட்டில் பொத்தானே கிடையாது. வயிற்றுக்கு நேரே இருக்கும் தகட்டைத் தூக்கினால் கழன்றுவிடும். அமுக்கினேன், இழுத்தேன், திட்டினேன். பெட்ரோல் வாடை ஏறிக்கொண்டே இருந்தது. மற்ற மூவருக்கும் இருந்த ஒரே வழியை அடைத்துக்கொண்டு நான். கேப்டன்தான் எட்டித் தகட்டைத் தூக்கிவிட்டார். "இறக்கைக்குப் பின்பக்கமா இறங்குங்க, முன்னால விசிறிப் பக்கம் போகாதீங்க, காத்து வர்ற திசையில ஓடுங்க!" ஓடினோம். அவர் கடைசியாக வந்தார்.

அறுவடை முடிந்த வயல் அது. அடித்தட்டைகள் ஆணி ஆணியாக நின்றன. எனக்கு ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. நின்ற பிறகுதான் சாக்ஸ் சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், அக்கா. ஓடி வந்த எல்லோரும் எத்தனை பேர், எப்படி விழுந்தது, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள், தப்பில்லை. நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. என் காலைப் பார்த்தீர்கள். உங்கள் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தீர்கள். ஒன்று போதும் என்றேன். "ரெண்டையும் போட்டுக்க தம்பி. ஒண்ணு உசரம், ஒண்ணு பள்ளமா இருந்தா இதுல நடக்க முடியாது." அந்த நேரத்தில் என் நடையைப் பற்றி யோசிக்க ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் என்னை உடைத்துவிட்டது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, அதே தட்டைகள் மேல் வெறுங்காலோடு நடந்து போய்க்கொண்டிருந்தீர்கள்.

நன்றி சொல்ல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்து இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்த மற்றொரு விமானி, எங்கள் விமானத்தின் வாலில் இருந்த, விபத்து நடந்தால் தானே உதவி கேட்கும் பெட்டி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிட்டதும் தேடத் தொடங்கிய மீட்பு மையத்தார், சிகரெட்டோடு வந்த ஒருவரை அதட்டித் துரத்திய முன்பின் தெரியாத பெரியவர், ஆம்புலன்ஸ்காரர்கள், பாதத்தில் ஏறிய முள்ளையெல்லாம் பொறுமையாகப் பிடுங்கிய செவிலியர். கேப்டனுக்கு நேரில் சொல்லிவிட்டேன். அவர் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போதெல்லாம் எதில் ஏறினாலும் கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டை இரண்டு தடவை கழற்றி மாட்டுகிறேன், கதவுப்பிடியைத் தடவிப் பார்க்கிறேன். கூட வருபவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பாதுகாப்பு பற்றி யாராவது சொல்லும்போது இனிமேல் போன் என் கைக்கு வராது.

என் ஷூ இன்னும் அந்தக் கதவிடுக்கிலேயே இருக்கிறது. விசாரணை முடியும்வரை எதையும் தொடக் கூடாதாம். உங்கள் செருப்பு என்னிடம் இருக்கிறது. எனக்குக் குதிகால் வெளியே நிற்கும் அளவு. வலது வார் பிய்ந்த இடத்தில் ஊக்கு குத்தி வைத்திருந்தீர்கள், அதை நான் எடுக்கவில்லை. கால் ஆறியதும் அந்த வயலுக்கு வருகிறேன், அக்கா. புதுசு ஒரு ஜோடியும் கொண்டுவருகிறேன். உங்கள் அளவு இந்தப் பழசைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.