தாமதமானாலும் அந்த ஓவியர் கை வரைந்ததே வேண்டும்

கொலம்பஸ், ஒஹையோ
23.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள், அத்தை, அம்மாச்சி எல்லோரும் நலமா? அம்மாச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் இறங்கிவிட்டது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. லேப் வேலை முடிந்து வெளியே வரும்போது தெருவிளக்கு எரிகிறது.

போனில் பேசும்போது கேட்டீர்களே, "அங்கதான் எல்லாம் கம்ப்யூட்டராச்சே, ஒரு காமிக்ஸ் வர்றதுக்கு ஏன் பாப்பா மாசக்கணக்குல இழுக்குறாங்க?" என்று. பாதியில் லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் போனில் பதில் சொல்லவும் முடியாது. சிவகாசியில் ஆப்செட் மிஷினோடேயே காலம் தள்ளியவர் நீங்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் வெளியே வந்தே ஆகவேண்டும், ஜனவரி பிறந்தபிறகு வரும் காலண்டரை எவன் வாங்குவான் என்று கேட்கிற ஊர் நம்முடையது. உங்களுக்கு இந்தத் தாமதம் பிடிபடாததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன்.

இங்கே புது காமிக்ஸ் வருகிற நாள் புதன்கிழமை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காமிக்ஸ் கடை இருக்கிறது. ஒரு பக்கம் லாண்டரி, மறுபக்கம் பீட்சா கடை. எந்தெந்தப் புத்தகம் வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டால் நமக்காக எடுத்து வைத்துவிடுவார்கள். புல் லிஸ்ட் என்பார்கள். புதன் சாயங்காலம் அங்கே கூடுகிற கூட்டம்தான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தபந்தம். வேலை முடிந்து சீருடையோடு வரும் தபால்காரர் ஒருவர், ஓவியம் படிக்கிற கல்லூரிப் பெண் ஒருத்தி, கவுண்டருக்குப் பின்னால் அறுபது தாண்டிய கடைக்காரர். நம்மூர் டீக்கடையில் அரசியல் பேசுவதைப் போல நின்றுகொண்டே மணிக்கணக்காக வாதாடுவார்கள். எந்தக் கம்பெனி ஹீரோ எவனை அடிப்பான், எந்த ஓவியர் இந்த மாதமும் கைவிட்டார், இதுதான் பேச்சு.

போன புதன்கிழமை, 19ஆம் தேதி, கடை நிரம்பி வழிந்தது. டிசி கம்பெனி வெளியிட்ட 'பேட்மேன்/டெட்பூல்' வந்த நாள். கதை கிராண்ட் மோரிசன், ஓவியம் டான் மோரா. இதற்கு ஜோடியான புத்தகத்தை மார்வெல் கம்பெனி செப்டம்பரிலேயே கொண்டுவந்துவிட்டது. அதை வரைந்தவர் கிரெக் கபுலோ. பேட்மேன் டிசியின் ஹீரோ, டெட்பூல் மார்வெலின் ஹீரோ. மார்வெலும் டிசியும் பரம்பரைப் போட்டிக் கம்பெனிகள். நம்மூர் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அப்பா ஆரம்பித்தது ஒன்று, மகன் ஆரம்பித்தது ஒன்று. இங்கே அந்த உறவெல்லாம் கிடையாது. வக்கீல் வைத்து ஒப்பந்தம் போட்டால்தான் ஒருவர் ஹீரோ இன்னொருவர் ஹீரோவோடு ஒரே பக்கத்தில் நிற்க முடியும். இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படி ஒரு புத்தகம் வரவில்லை. அதனால்தான் அத்தனை கூட்டம்.

முதன்முதலில் இரு தரப்பு ஹீரோக்களும் மோதியது 1976இல். சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும். (நம் லயனில் வந்த ஸ்பைடர் இல்லை மாமா, அவன் வேறு. இவன் சிலந்தி மனிதன்.) பெரிய சைஸில், 2 டாலர் விலையில் வந்தது. பென்சிலில் வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரூ, அதன்மேல் மை போட்டவர் டிக் ஜியோர்டானோ. கடைக்காரர் சின்னப் பையனாக இருக்கும்போது வாங்கிய பிரதி இன்னும் அவரிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, மூலை மழுங்கிப்போய். அதை விற்க மாட்டேன் என்கிறார்.

1996இல் இன்னொரு கூத்து நடந்தது. யார் ஜெயிக்கவேண்டும் என்று வாசகர்களையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஐந்து சண்டைகளின் முடிவு ஓட்டில். டிசியின் சூப்பர்மேன் மார்வெலின் ஹல்க்கை ஜெயித்தார், மார்வெலின் ஸ்டார்ம் டிசியின் ஒண்டர் உமனை ஜெயித்தாள். மார்வெலின் உல்வரினுக்கும் டிசியின் லோபோவுக்கும் நடந்த சண்டைதான் இன்றுவரை தீராத சண்டை. உல்வரின் ஜெயித்துவிட்டார், ஆனால் அடிதடி முழுக்க ஒரு மதுக்கடை கவுண்டருக்குப் பின்னால் நம் கண்ணில் படாமல் நடந்து முடிந்துவிடும். ஓட்டில் தோற்றவனை எப்படித் தோற்கடிப்பது என்று தெரியாமல் மறைத்துவிட்டார்கள் என்று தபால்காரர் இப்போதும் கொதிக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சண்டையைக் காட்டாமல் முடிவை மட்டும் சொல்லும் பக்கத்துக்கு நான்கூடக் காசு கொடுக்க மாட்டேன்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் கேள்விக்குப் பதில் வேறு ஒரு புத்தகத்தில் இருக்கிறது. டிசியின் ஜஸ்டிஸ் லீக், மார்வெலின் அவெஞ்சர்ஸ், இந்த இரண்டு அணிகளும் சேரும் கதை. ஓவியர் ஜார்ஜ் பெரெஸ். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர், பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். 1983இல் வரவேண்டிய புத்தகம் அது. அவர் 21 பக்கம் வரைந்தும் விட்டார். கதை சரியில்லை, திருத்து என்று இரண்டு கம்பெனி ஆசிரியர்களுக்கும் நடுவே தகராறு முற்றி வேலை நின்றுபோனது. வரைந்த பக்கங்கள் அப்படியே தூங்கின. கடைசியில் 2003இல்தான் முதல் இதழ் வந்தது. கதையையே புதிதாக எழுதினார் கர்ட் பியூசிக். படங்களையும் பெரெஸ் முதலிலிருந்து வரைந்தார். முதல்முறை உட்காரும்போது அவருக்கு வயது 29. அச்சில் வந்தபோது 49.

அந்தப் புத்தகம் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது. கை கழுவிவிட்டு வந்தால் அங்கேயே உட்கார்ந்து பார்க்க விடுகிறார் கடைக்காரர். மூன்றாம் இதழின் அட்டையைப் பார்த்தபோது உங்களை நினைத்தேன். முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்து ஒரே படம். அதுவரை இரண்டு அணிகளிலும் இருந்த அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். இருநூறு பேருக்கு மேல். கூட்டம் என்றால் சாதாரணமாக என்ன செய்வார்கள்? முன்வரிசையை ஒழுங்காக வரைந்துவிட்டு, பின்னால் நாலு கோடு, கொஞ்சம் நிழல். இவர் அப்படிச் செய்யவில்லை. தபால்காரர் விரல் படாமல் பென்சில் முனையால் ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். கதையில் எப்போதோ வந்து போனவனுக்கும் அவனுடைய உடை, அவன் நிற்கும் நிற்பு. எந்த ஹீரோவும் யாரோ ஒருத்தனுக்கு இஷ்ட தெய்வம் என்று தெரிந்தவர் வரைந்த படம் அது. எந்த வாசகனையும் ஏமாற்றி அனுப்பிவிடக் கூடாது என்கிற பிடிவாதம் அதில் தெரிகிறது. அதற்கு நாள் ஆகத்தான் செய்யும்.

இங்கே மாதப் புத்தகத்தில் இப்போது கதை 20 பக்கம், முன்பெல்லாம் 22. ஒருவர் பென்சில் போடுவார், ஒருவர் மை போடுவார், ஒருவர் வண்ணம், ஒருவர் எழுத்து. பென்சில்காரர் பதினோரு அங்குலத்துக்குப் பதினேழு அங்குல அட்டையில் ஏறக்குறைய தினம் ஒரு பக்கம் முடித்தால்தான் மாதக் கணக்கு சரியாக வரும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டம், ஒவ்வொன்றிலும் ஆள், இடம், வெளிச்சம். கம்ப்யூட்டர் வந்தபிறகு வண்ணமும் எழுத்தும் சுலபமாயின. வரைகிற கைக்கு அதனால் வேகம் கூடிவிடவில்லை.

நமக்கு இந்தக் கஷ்டம் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. முத்துவில் வந்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்தில் 1962இலேயே வாரப் பத்திரிகையில் வரத் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். அவர் ராத்திரி கண்விழித்து வரைந்து முடித்துப் பத்து வருஷம் கழித்துத்தான், 1972இல், அது சிவகாசிக்கு வந்தது. நாம் காத்திருந்ததெல்லாம் மொழிபெயர்ப்புக்கும் பேப்பருக்கும் அச்சுக்கும். ஓவியருக்காக நாம் காத்திருந்ததே இல்லை.

தாமதத்துக்குப் பேர்போன ஓவியர்கள் இங்கே பலர். பிரையன் போலண்ட் வரைந்த 'கேமலாட் 3000' பன்னிரண்டே இதழ்கள்தான். முதல் இதழில் 1982 டிசம்பர் என்று போட்டிருக்கும், கடைசி இதழில் 1985 ஏப்ரல். கடைசி இரண்டு இதழ்களுக்கு நடுவில் மட்டும் ஒன்பது மாதம். 'பிளானட்டரி' என்று ஒரு தொடர், ஜான் காசடே வரைந்தது. 1999இல் ஆரம்பித்து 27ஆம் இதழோடு 2009இல் முடிந்தது. அதில் எல்லாத் தாமதமும் அவரால் வந்ததில்லை. ஆனால் முதல் இதழிலிருந்து கடைசிவரை ஒரே கை. போன வருஷம் அவர் 52 வயதில் இறந்துபோனார். அன்றைக்குக் கல்லூரிப் பெண் அந்தத் தொகுப்பைக் கடை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்து, பனியும் மலையுமாக இருந்த ஒரு பக்கத்தை எங்களுக்குக் காட்டினாள். இதழ் எந்த மாதம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் மட்டும் உங்கள் கட்சி. அவர் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். கடைகள் வாரக்கணக்கில் முன்பே ஆர்டர் கொடுக்கவேண்டும். விற்காவிட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது. சொன்ன மாதத்தில் புத்தகம் வராவிட்டால் அந்த மாத வாடகையில் துண்டு விழும், வாரா வாரம் வந்தவன் வேறு பழக்கத்துக்குப் போய்விடுவான். 2006இல் 'சிவில் வார்' தொடருக்கு ஸ்டீவ் மெக்நிவன் வரைந்து முடிக்கும்வரை மார்வெல் காத்திருந்தது. அதோடு கதை பின்னிய மற்ற இதழ்களும் தள்ளிப்போயின. கடைகள் தவித்தன. பாதியில் வேறு ஓவியரைப் போட்டு ஒப்பேற்றாமல் காத்திருந்தார்களே, அது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். இன்றைக்கு அந்தத் தொகுப்பை வாங்குகிறவனுக்கு முதல் பக்கத்தில் பார்த்த முகமே கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது. கடைக்காரர் பட்ட நஷ்டத்துக்குக் காரணம் ஓவியரின் கை இல்லை, தேதி குறித்தவர்களின் அவசரம். மெதுவாக வரைகிறவர் என்று தெரிந்தே ஒப்பந்தம் போடுகிறார்கள். அப்படியானால் பாதிக்குமேல் வரைந்து கைக்கு வந்தபிறகு அறிவிக்கட்டும். இதைச் சொன்னபோது கடைக்காரர் தலையாட்டினார். "அறிவிப்பு வராவிட்டால் காசும் புரளாதே" என்றும் சொன்னார். அங்கேதான் வாதம் நிற்கிறது.

இந்த ஊரில் எனக்குப் பிடித்த இன்னொரு இடம், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகமும் அருங்காட்சியகமும். அனுமதி இலவசம். மூன்று லட்சம் அசல் கார்ட்டூன்கள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைப் பக்கத்தின் அசலைப் பார்த்தேன். மை போட்ட கோட்டுக்கு அடியில் வெளிர்நீலப் பென்சில் தெரிகிறது. அச்சுக்குப் படம் பிடிக்கும் கேமராவில் அந்த நீலம் விழாது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கையின் விரல்களை வரைந்து, வெள்ளை அடித்து மறைத்து, மேலே மறுபடி வரைந்திருக்கிறார் அந்த ஓவியர். வெள்ளை திட்டாக மேடிட்டு நிற்கிறது. அச்சில் அரை அங்குலம்கூட இராத கை. அதற்குமுன் ரொம்ப நேரம் நின்றேன்.

பெரெஸின் கதையை முடிக்கவில்லை. 2019இல் உடல்நிலை காரணமாக ஓய்வுபெற்றார். 2021 டிசம்பரில், கணையத்தில் புற்றுநோய் என்று அவரே வெளியிட்டார். அச்சில் இல்லாமல் போயிருந்த அந்த அவெஞ்சர்ஸ் – ஜஸ்டிஸ் லீக் புத்தகத்தை இரண்டு கம்பெனிகளும் சம்மதித்து 2022 மார்ச்சில் மறுபடி அச்சிடவிட்டன. 7,000 பிரதிகள் மட்டும். பணம், நலிந்த காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவுகிற ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அமைப்புக்கு. கடைக்காரரிடம் இருப்பது அதில் ஒன்று. பெரெஸ் கண் பார்த்திருக்க அது வந்தது. மே 6ஆம் தேதி காலமானார். மறுநாள் சனிக்கிழமை, நாடு முழுக்கக் கடைகளில் இலவச காமிக்ஸ் கொடுக்கிற நாள். அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் அவர் பெயரைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தபால்காரர் சொன்னார்.

மற்றபடி, என்னோடு லேபில் வேலை செய்கிற மதுரைக்காரப் பெண் டிசம்பரில் ஊருக்கு வருகிறாள். அவளிடம் இரண்டு புத்தகமும், கபுலோ வரைந்ததும் மோரா வரைந்ததும், அத்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் கொடுத்தனுப்புகிறேன். தம்பியை மாட்டுத்தாவணிக்கு அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நம்பர் வாட்ஸ்அப்பில் போடுகிறேன். உங்கள் பழைய லென்ஸை வைத்து, வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்து ரிஜிஸ்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கறுப்பு எவ்வளவு அடர்த்தியாக விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். கதை இங்கிலீஷில்தான் இருக்கிறது, தம்பி படித்துச் சொல்வான். பீரோவுக்கு மேல் பெட்டியில் இருக்கிற முத்து, லயன் புத்தகங்களுக்கு வெயில் நாளில் காற்றாடக் கொடுத்து, வேப்பிலை மாற்றி வையுங்கள். அம்மாச்சியை மருந்து தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்,
பாப்பா