அம்மாவின் வைத்தியத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

கோபி பக்கத்தில் எங்கள் தோட்டம் வரைக்கும் வந்து அம்மாவை விசாரித்துப் போன எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் பண்ண முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோயமுத்தூர் டாக்டருக்கு. அம்மாவின் குதிகாலில் இருந்தது மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். நம் நிறத்தவர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் இங்கெல்லாம்தான் வருமாம். அம்மாவுக்கு அந்தக் கட்டியின் தடிமன் 2 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நோய் பரவியிருக்கிறதா என்று தொடை இடுக்கில் உள்ள நெறியை, அதாவது நிணநீர்க் கணுவை, பரிசோதிப்பது பற்றிப் பேசுவது வழக்கம். குதிகாலில் கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் ஏற்றி, அவை முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். சென்டினல் நோட் பயாப்சி என்று பெயர்.

"எழுபத்து நாலு வயசுல இது எதுக்குங்க?" என்று சொந்தத்தில் பலர் கேட்டார்கள். அக்கறையில் கேட்டதுதான். மேல்நாடுகளிலும் வயதானவர்களுக்கு இதைக் குறைவாகத்தான் செய்கிறார்களாம். சர்க்கரை, இதயம், ஆஸ்பத்திரி தூரம், காசு என்று இன்னும் பல காரணங்களாலும் விட்டுப்போகிறதாம். டாக்டர் எங்களை விட்டுவிட்டு அம்மாவிடமே பேசினார். இந்தப் பரிசோதனை ஆயுளைக் கூட்டும் என்று அவர் ஆசை காட்டவில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மேற்கொண்டு மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் என்றார். "நெறியில இருந்தா எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருவீங்களா?" என்று அம்மா கேட்டார். முன்பு அப்படித்தான் செய்தார்கள். 2017இல் வந்த பெரிய ஆய்வில், உடனே எல்லாவற்றையும் எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தபின், ஸ்கேன் பார்த்துக் கண்காணிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது என்றார். "அப்பப் பண்ணிருங்க சாமி" என்றார் அம்மா. அதற்குமேல் யார் பேசுவது?

சர்க்கரை இறங்கும்வரை தேதி தராமல் பிடிவாதமாக இருந்த மயக்க மருந்து டாக்டருக்கும் நன்றி. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் நம் ஆட்கள். விடியுமுன்னே அவிநாசி வழியாகக் காரை ஓட்டிவந்த மாமா. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று வாங்க அலைந்த தம்பி. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிய நங்கையா. நீங்கள் இல்லாமல் அம்மா சம்மதித்திருக்கவே மாட்டார். அவருக்கு மாட்டுக் கவலைதான் பெரிது.

நெறியில் ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்திருக்கிறது. புண் ஆறி, செருப்புப் போட்டு நடக்கிறார். இனித் தவறாமல் செக்கப்புக்குப் போகவேண்டும். மாமா, காருக்கு இப்போதே சொல்லிவைக்கிறேனுங்க.